இடது பக்கம் ஆள் உக்காருவாங்களா

இந்தப் பக்கம் ஆள் உக்காருவாங்களா சார்னு மெக்கானிக் பெனடிக்ட் கேட்டாரு. சாதாரணமாத்தான் கேட்டாரு, இன்னும் கொஞ்சம் சட்னி வேணுமான்னு கேக்கற மாதிரி. கேட்டுட்டு என் மூஞ்சியில என்னத்தப் பாத்தாரோ, "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க, நான் அதுக்குள்ள டிரைவர் பக்கம் வீல் நட்ட முறுக்கிடறேன்"னுட்டு வண்டியச் சுத்தி அந்தப் பக்கம் போயிட்டாரு. இதுல யோசிக்க என்ன இருக்கு. இருக்கறதே ரெண்டு சீட்டு. ஒண்ணுல நான். இன்னொண்ணுல ஆள் உக்காருமா உக்காராதா, ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. ஒரு கேள்விக்கு அரை நொடி விட்டுப் பதில் சொன்னா ஜனங்க சிரிப்பாங்க, ஒரு நொடி விட்டா சந்தேகப்படுவாங்க, இது எனக்கு அத்துப்படி, ஆபீஸ்ல பாதிப் பேரு என்னையச் சுத்தி நின்னு சிரிக்கறது இந்த அரை நொடிக்காகத்தான். இப்ப நான் பதில் சொல்லாம அவரோட ஆயில் படிஞ்ச ஸ்டூல்ல உக்காந்து, ஆறிப்போன டீயையும் குடிச்சு முடிச்சு, காலி டம்ளரோட அடியப் பாத்துட்டிருக்கேன். விஷயம் என்னன்னா, பின்னாடி ரெண்டு வீலும் பழசக் கழட்டிட்டு அகலமா புது அலாய், அதுல அகலமா புது டயர். அகல டயரு மட்கார்டுக்குள்ள அடங்கணும். மட்கார்டோட உள்விளிம்பு தகடு கீழ துருத்திட்டு நிக்கும், வண்டி அமுங்கறப்ப டயரு அதுல போய்த் தேய்க்கும், தேய்ச்சா டயரு வாழைப்பழத் தோலாட்டம் உரிஞ்சுக்கும். அதனால அந்த விளிம்ப உள்ள மடக்கி விடணும். டிரைவர் பக்கம் கேள்வியே கேக்காம மடக்கிட்டாரு, எப்படியும் ஓட்டறவன் ஒருத்தன் உக்காந்தாகணுமே. இடது பக்கத்துக்கு ஒரு சோதனை வெச்சாரு. டயரோட ஓரத்துல சாக்பீஸத் தேச்சுட்டு, வாசல்ல இருக்கற வேகத்தடைல ஏத்தி எறக்கினாரு. சீட்டு காலியா இருக்கறப்ப ஒண்ணுமில்ல. பக்கத்துல கட்டடம் கட்டறவங்ககிட்ட மணல் வாங்கி ஒரு மூட்டை கட்டி, சீட்டுல உக்கார வெச்சு மறுபடி ஏத்தினாரு. மட்கார்டுக்குள்ள வெள்ளையா ஒரு கோடு. ஆள் இருந்தா தேய்க்கும், இல்லைன்னா தேய்க்காது, அவ்வளவுதான் சங்கதி. மூட்டைக்கு சீட் பெல்ட் வேற போட்டு விட்டிருக்காரு. பெல்ட் எதுக்குங்கன்னேன். "சாஞ்சிரும் சார்."

அப்ப மடக்கிர வேண்டியதுதானே. அங்கதான் இடிக்குது. இடது மட்கார்டுல போன மழைக்கு வாங்கின அடி இருக்கு, அத எவனோ ஒரு டிங்கர் அவசரத்துல பட்டி பூசி மறைச்சிருக்கான், அந்த எவனோ ஒருத்தன்கிட்ட அவசர அவசரமா கொண்டுபோய் விட்டது நான்தான், வீட்டுக்குத் தெரியறதுக்கு முன்னாடி சரி பண்ணணும்னு. பட்டி இருக்கற எடத்துல தகட்ட மடக்கினா மேல பெயிண்ட் வெடிக்கும். வெடிச்சா அந்தப் பக்கம் முழுசும் அடிக்கணும். முப்பது வருஷத்துச் செவப்பு, கம்பெனி அடிச்சு வெயில்ல காஞ்சு ஒரு மாதிரி மாதுளம்பழத் தோல் நிறத்துக்கு வந்து நிக்குது, இனி எவன் கலந்தாலும் அது வராது. அதனால பெனடிக்ட் சொல்றது நியாயம். நீங்க மட்டுமே போறீங்கன்னா விட்டுருங்க சார், பெயிண்ட் பொழைக்கட்டும். அவரு பேசறப்ப வாக்கியம் மூக்குல ஆரம்பிச்சு வயித்துல முடியும். முதல் நாளே புடிச்சுட்டேன் அத. நானாப் புடிக்கறதில்ல, ஈரத் துணில தூசி ஒட்டற மாதிரி எல்லாரோட குரலும் ஒட்டிக்குது. இந்த ஸ்டூல்ல உக்காந்துட்டு இப்பக்கூட வாய்க்குள்ளயே சொல்லிப் பாக்கறேன், பெயிண்ட் பொழைக்கட்டும் சார், பெயிண்ட் பொழைக்கட்டும். சரியா வருது. வந்து என்ன பண்றது, கேக்க ஆளில்ல.

கேக்கற ஆள் சுகந்தி. என் சம்சாரம். மத்தவங்களுக்கு நான் பண்ணிக் காட்டறதெல்லாம் ஒத்திகை, அவளுக்குப் பண்றதுதான் ஆட்டம். அதுக்கு ஒரு எடம் வேணும். வீட்டுல எங்கம்மா, மாடில தம்பி குடும்பம், சாயங்காலமானா ஹால் பூராவும் அவகிட்ட கெமிஸ்ட்ரி டியூஷனுக்கு வர்ற புள்ளைங்க, செருப்பு வெக்க எடமில்லாத வீடு. எங்க ரெண்டு பேரு சண்டையக்கூட சமையலறைல குக்கர் விசில் அடிக்கறப்பதான் போட முடியும், விசில் நின்னா சண்டையும் நிக்கும். இந்த வண்டிய திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்காரரு வெச்சிருந்தாரு, பாக்கப் போனப்ப அம்மாவும் கூட வந்தாங்க. குனிஞ்சு உள்ள எட்டிப் பாத்துட்டு, "இது காரா செருப்பா? நான் எங்கடா உக்கார்றது?"ன்னு கேட்டாங்க. அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன் இதத்தான் வாங்கறதுன்னு. ஜப்பான்காரன் எதுக்காக ரெண்டு சீட்டு வெச்சானோ, எங்களுக்கு அது ஒரு தனி ரூம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாலக்காட்டு ரோட்டுல கெளம்பினா, உக்கடம் தாண்டறதுக்குள்ள எங்கம்மா வந்துருவாங்க, குனியமுத்தூர்ல என் தம்பி, மதுக்கரை கிட்ட எங்க ஜெனரல் மேனேஜர், எல்லாரும் என் வாயில இருந்துதான். அவ சத்தம் போட்டுச் சிரிக்கறவ இல்ல. டேஷ்போர்டப் புடிச்சுக்குவா, முன்னாடி குனிவா, மூச்சு வராம ஒரு கைய ஆட்டி நிறுத்துங்க நிறுத்துங்கம்பா. நான் நிறுத்த மாட்டேன். எந்த எடத்துல இன்னும் ஒரு வார்த்தை போட்டா கண்ணுல தண்ணி வரும்னு எனக்குத் தெரியும்.

ஐப்பசில ஒரு ஞாயித்துக்கிழமை. மழை நின்னு போச்சுன்னு நெனச்சுக் கெளம்பினோம். வாளையாருக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வளைவு, அதுல தண்ணி நின்னுருக்கு, பழைய டயரு, பின்பக்கம் லேசா வழுக்கின மாதிரி இருந்துச்சு, அப்புறம் லேசா இல்ல. ஸ்டியரிங்ல ஒண்ணுமே இல்லாம போயிரும் பாருங்க, யாரோ அந்தப் பக்கம் கைய விட்டுட்ட மாதிரி. புளியமரம் போச்சு, ரோடு போச்சு, மறுபடி அதே புளியமரம் வந்துச்சு. பின்னாடி இடது பக்கம் கல்லுல மோதின சத்தம். எதுத்தாப்ல லாரி, ஹாரன், ஹெட்லைட்டு, அந்த வெளிச்சத்துல அவ மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி. லாரி நின்னுது. வண்டியும் நின்னுது, வந்த தெசையப் பாத்துட்டு. அப்புறம் டீக்கடை. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தா, செருப்ப ஒண்ணாச் சேத்து வெச்சுக்கிட்டு, டம்ளரக் கையில புடிச்சுட்டு குடிக்காம. எனக்கு முதுகு ஒரு மாதிரி இருக்குங்க, நான் பஸ்ல வந்தர்றேன், நீங்க வண்டிய எடுத்துட்டு வாங்கன்னா. சரின்னு வந்துட்டேன். வீட்டுல அம்மா கேட்டதுக்கு, "சீட்டு தாழ்வா இருக்குதுங்க அத்தை, முதுகு புடிச்சுக்குது"ன்னா. வண்டி சுத்தினத யாருகிட்டயும் சொல்லல. என்னையக் காப்பாத்தினாளா, இல்ல சொல்ற அளவுக்குக்கூட அது வேண்டாம்னு விட்டுட்டாளா. அன்னைலேந்து அந்த சீட்டு காலி. ஞாயித்துக்கிழமை வந்தா முதுகு வலி வந்துரும். நான் தைலம் வாங்கிக் குடுப்பேன், வாங்கிக்குவா. புளியமரம், மறுபடி புளியமரம், கல்லு, லாரி, வண்டி நின்னுது, டீக்கடை. எத்தனை தடவ ஓட்டிப் பாத்தாலும் அதே மாதிரிதான் ஓடுது, நின்னதுலேந்து நேரா டீக்கடைக்கு எகிறிருது, நடுவுல எப்படி எறங்கினோம், எப்படி நடந்தோம், ஒண்ணும் கெடைக்க மாட்டேங்குது.

தூக்கம் வருது. பகல் ரெண்டு மணி வெயில், ஷெட்டு தகரம் மேல இருந்து அடிக்குது, ரப்பர் வாசம், புது டயரு வாசம் எனக்கு எப்பவும் புடிக்கும், இன்னைக்குத் தலவலிக்குது. அரை நாள் லீவு போட்டு வந்திருக்கேன். லீவுன்னா பம்ப்செட் கம்பெனில போன்ல புகார் கேக்கற சீட்டுலேந்து லீவு. காலைல எட்டரைக்கு ஹெட்போன மாட்டினா நாள் பூராவும் அடுத்தவங்க மோட்டாரு. "ஏனுங்க, மோட்டாரு ஓடுது, தண்ணி வரமாட்டீங்குது." கெணத்துக்குள்ள கொழாயோட அடில ஃபுட் வால்வுல எலை சிக்கியிருக்கும் பாருங்க அண்ணா. "எலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க, உங்க மோட்டாருதான் சோம்பேறி." இவங்கள வெச்சுத்தான் ஞாயித்துக்கிழமைய ஓட்டுவேன், ஒரு காலத்துல தோட்டத்துக்காரரு யாரு போன் பண்ணினாலும் மனசு குதிக்கும், ஆகா இது சுகந்திக்குன்னு எடுத்து வெச்சுக்குவேன். இப்பவும் சேருது. மழைக்காலத்துலேந்து இந்த மாசி வரைக்கும் சேந்தது மண்டைக்குள்ள வரிசைல நிக்குது, ரேஷன் கடை மாதிரி, ஒருத்தருக்கொருத்தரு இடிச்சுக்கிட்டு, யாரையும் கூப்பிட முடியல. வீட்டுல ஒருநா சோத்துல கைய வெச்சுட்டே ஒரு தோட்டத்துக்காரரு குரல ஆரம்பிச்சேன். அவ நிமிர்ந்து பாத்தா. தண்ணி வேணுமான்னா. அவ்வளவுதான், தோட்டத்துக்காரரு செத்துட்டாரு. அவ குரலும் எனக்கு நல்லா வரும், முன்னாடி. இப்ப பண்றதுக்குச் சரக்கு இல்ல, அவ பேசறதே மூணு வார்த்தை. ஆச்சுங்க. வெச்சிருக்கேன். வந்தர்றேன். இத வெச்சு என்ன பண்றது, இது யாரு வேணா பேசலாம், பேங்க்ல கூடப் பேசுவாங்க.

நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னேன். பின்னாடி அகலமா டயரு போடறேன் சுகந்தி, இனி வழுக்காது, ரோட்டக் கவ்விப் புடிக்கும். தட்டக் கழுவிட்டே "சரிங்க"ன்னா. என்ன சரிங்க. சரிங்க போடுங்கவா, சரிங்க அதுக்கென்ன இப்பவா, சரிங்க நான் வர்றேனா, சரிங்க ஆனா நான் வரமாட்டேனா. காலைல குளியலறைல கதவச் சாத்திட்டு, தண்ணியத் தொறந்து விட்டு, அவள மாதிரியே சொல்லிப் பாத்தேன். சரிங்க. சத்தம் அப்படியே வந்துச்சு. எந்தக் குரலப் பண்ணினாலும் உள்ள போய் அந்த ஆள் என்ன நெனக்கறாங்கன்னு லேசாத் தெரிஞ்சுரும் எனக்கு, ஜெனரல் மேனேஜரப் பண்ணறப்ப அவருக்கு வயித்துல அல்சர்னே கண்டுபுடிச்சவன் நான். இதுல உள்ள போனா இருட்டாக் கெடக்குது. தொண்டை தெரியுது, மூச்சு தெரியுது, அதுக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியல. அம்மா கதவத் தட்டி, உள்ள யாருடா கூட, சுகந்தி அங்கயா இருக்கான்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன், என் குரல்லயே. இடது பக்கம் ஆள் உக்காருவாங்களா சார். உக்காருவாங்கன்னு சொல்லி மடக்கச் சொல்லி, பெயிண்டும் வெடிச்சு, புது டயரும் போட்டு, ஞாயித்துக்கிழமை முதுகு வலின்னு சொல்லிட்டான்னா, அந்த வெடிச்ச பெயிண்ட தெனம் காலைல பாக்கணும். உக்கார மாட்டாங்கன்னு சொன்னா அதவிட மோசமானதப் பாக்கணும். அப்படிச் சொல்லி அவரு வேலைய முடிச்சுட்டா அது தகட்டுல எழுதின மாதிரி, இனி அவளா ஏறினாக்கூட டயரு தேய்க்கும். எனக்கு அசதியா இருக்கு. வண்டிய இப்படியே விட்டுட்டு பஸ்ல வீட்டுக்குப் போலாம் போல இருக்கு.

பெனடிக்ட் வலது பக்கத்துலேந்து எந்திரிச்சு வந்தாரு, கைய வேட்டில தொடச்சுக்கிட்டு. மூட்டையப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு.

"என்ன சார், முடிவாச்சுங்களா? மூட்டையே பெல்ட்டப் போட்டுட்டு ரெடியா உக்காந்திருக்குது, உங்களத்தான் காணோம்."

"ஒரு போன் பண்ணிக்கறேன் பெனடிக்ட்."

"பண்ணுங்க பண்ணுங்க. வீட்டம்மாவக் கேட்டுச் செய்யறது எப்பவும் நல்லது. நான்லாம் ஸ்பானரு வாங்கறதுக்கே கேப்பேன்."

ஷெட்டுக்கு வெளிய வேப்பமரத்து நெழல்ல நின்னு அடிச்சேன். அவ பாடம் எடுக்கற ஸ்கூல்ல இந்நேரம் லேப். எடுக்க மாட்டான்னு பாதி நம்பிக்கைல அடிச்சேன். எடுத்துட்டா.

"சொல்லுங்க. டயரு மாட்டியாச்சுங்களா?"

"ஒரு பக்கம் ஆச்சு. இன்னொரு பக்கத்துக்கு மெக்கானிக் ஒண்ணு கேக்கறாரு."

"என்னவாம்?"

"இடது பக்கம் ஆள் உக்காருவாங்களான்னு. உக்காந்தா தகட்ட மடக்கணுமாம். இல்லைன்னா வேண்டாமாம்."

குழாய்ல தண்ணி விழற சத்தம். ஒரு பொண்ணு குரல், மிஸ் பிப்பெட் ஒடஞ்சிருச்சு மிஸ். "தானா ஒடஞ்சுதா? போ, தொடப்பத்துல கூட்டி எடு, கைய வெக்காத." தண்ணி நின்னுது. கதவு சாத்தற சத்தம். வராந்தாவுக்கு வந்துட்டா போல.

"மெக்கானிக்கா கேக்கறாரு?"

அரை நொடி விட்டா ஒரு நல்ல பதில் இருந்துச்சு. பெனடிக்ட் குரல்லயே, மூக்குல ஆரம்பிச்சு. நுனி நாக்குல நின்னுது.

"இல்ல," அப்படின்னேன். "நான்தான் கேக்கறேன்."

"எனக்கு முதுகு வலியெல்லாம் இல்லீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் தைலம் வாங்கிட்டு வந்தீங்களா?"

கால்ல வேப்பஞ்சருக ஒதுக்கிட்டு நின்னேன்.

"வண்டி சுத்தினது எனக்குப் பெருசில்லீங்க. மழை, வழுக்கிருச்சு. நின்னதுக்கு அப்புறம் நீங்க பண்ணினீங்களே, அதுதான்."

"நான் என்ன பண்ணினேன்?"

"நெசமாத் தெரியலையா? லாரிக்காரன் மாதிரி பேசிக் காட்டினீங்க. ஏப்பா, வண்டியத் திருப்ப உனக்கு வேற எடமே கெடைக்கலையான்னு. அவன் அப்பத்தான் கண்ணாடிய எறக்கறான், அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நீங்க பண்ணிட்டீங்க. அச்சு அசல். எனக்குப் பெல்ட்டக் கழட்ட வரல. நீங்க என் மூஞ்சியவே பாத்துட்டிருக்கீங்க, சிரிக்கறேனான்னு."

வெயில் எலைக்கு நடுவுல விழுந்து தரைல ஆடிட்டிருந்துச்சு. வண்டி நின்னுது, அப்புறம் டீக்கடை. நடுவுல இருந்தது இதுதானா. இப்ப வருது. ஆமா, பண்ணினேன். நல்லா வந்துச்சுன்னு வேற நெனச்சேன்.

"அடி பட்டுச்சான்னு கேப்பீங்கன்னு பாத்தேன்," அவ சொன்னா, கோவமெல்லாம் இல்ல, விடைத்தாள் திருத்தி முடிச்ச மாதிரி ஒரு குரல். "டீக்கடைல பாத்தேன். பஸ் வர்ற வரைக்கும் பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

தமாஷா சொல்ல மூணு வந்துச்சு. மூணும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுங்கள வரிசைலயே நிக்க விட்டேன்.

"அடி பட்டுச்சா சுகந்தி?"

"இப்பவா கேக்கறீங்க?"

"இப்பத்தான் கேக்கறேன்."



"தோள்பட்டைல. பெல்ட் இழுத்த எடம். கருத்துப்போய்க் கெடந்துச்சு. அத்தை பாத்துட்டாங்க, பீரோ கதவு இடிச்சிருச்சுன்னு சொன்னேன். அவங்கதான் ஒத்தடம் குடுத்தாங்க."

ஒரே வீடு. ஒரே கட்டில். தம்பி புள்ளைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்.

"இப்ப வலிக்குதா?"

"இப்ப ஒண்ணுமில்ல." தூரத்துல மிஸ்னு யாரோ கூப்பிட்டாங்க. இரு வர்றேன்னா. போனை வெக்கப் போறான்னு நெனச்சேன். "ஏனுங்க, ஆளில்லாமயே எப்படித் தேய்க்குதுன்னு கண்டுபுடிச்சாங்க?"

"ஒரு மணல் மூட்டைய உக்கார வெச்சு."

"எத்தன கிலோ?"

"அம்பது இருக்கும்னாரு."

"அம்பதா?" அப்படின்னா. அரை நொடி விட்டா. அவளும் என்கூட இத்தன வருஷம் இருந்தவதானே. "அறுபத்தெட்டு வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. பயமாத்தான் இருக்கும், இப்பவே சொல்லிட்டேன். வளைவுல வாயத் தொறக்கக் கூடாது."

வெச்சுட்டா.

உள்ள போனேன். பெனடிக்ட் பெயிண்டச் சூடாக்கி எளக்கற ஹீட் கன்னோட வயரப் பிரிச்சு கையில வெச்சுட்டு நின்னாரு.

"உக்காருவாங்க," அப்படின்னேன். "மடக்கிருங்க."

"பட்டி விட்டுச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது சார்."

"விட்டா விடட்டும். அதுக்கு முன்னாடி மூட்டைல இன்னும் பதினெட்டு கிலோ போட்டுப் பாக்கணும்."

அவரு ஏதோ சொல்ல வாயத் தொறந்தாரு. என்னைய ஒரு தடவ பாத்துட்டு, வெளிய போய் பாண்டுச் சட்டில மணல் அள்ளிட்டு வந்தாரு. நான் மூட்டை வாயப் பிரிச்சுப் புடிச்சுக்கிட்டேன். அவரு கொட்டக் கொட்ட, வண்டியோட இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு.